உன் தம்பியின் ஸ்லைடு

பாப்பா,

இந்தப் பார்சலில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. தெர்மாகோல் பெட்டிக்குள் இருக்கும் ஊதா மூடி டியூப் நீ போனில் கேட்டது. உன் அம்மாவின் ரத்தம், ஐந்து மில்லி, எடுத்த நேரத்தை மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். பஞ்சு வைத்து மூடிய ஜாமெட்ரி பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடித் துண்டு நீ கேட்காதது. ஆறாம் வகுப்பில் தொலைந்துபோனதாக நீ இரண்டு நாள் அழுத பெட்டிதான் அது. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைத் திறப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிடு. கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை, வாடிப்பட்டிப் பக்கம் இன்னும் பத்திரிகையே கொடுக்கவில்லை, இந்த நேரத்தில் இவருக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று உனக்குத் தோன்றும். நேரில் சொல்லக்கூடிய தைரியம் இருந்திருந்தால் பதினைந்து வருஷத்தில் ஒரு நாளாவது சொல்லியிருப்பேன். இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ நம் ரத்தப் பரிசோதனை லேபில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ரிப்போர்ட் பாரத்தின் பின்பக்கம் படம் போட்டு உன் ஆராய்ச்சியைச் சொன்னாயே, அந்த மத்தியானத்தை நான் மறக்கவே போவதில்லை. வாசலுக்கு வெளியே சிம்மக்கல்லில் டவுன் பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நீ சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. "வெள்ளை அணுல ஒரு ரகம்ப்பா, என்.கே. செல். வைரஸ் புகுந்த செல்ல பார்த்துச்சுன்னா யாரும் சொல்லிக்குடுக்காமலேயே கொன்னுரும். ஆனா எலும்பு மஜ்ஜையில பிறக்கும்போதே அது அப்படி இல்ல. ஒவ்வொரு கட்டத்துலயும் வெளியருந்து ஒரு தகவல் வரணும். ஆரம்பத்துல ஒன்னு, வளர்றதுக்கு ஒன்னு, சண்டைக்குப் போறதுக்கு ஒன்னு. அந்தத் தகவலத்தான் சைட்டோகைன்னு சொல்றது" என்றாய். நான் புரியாத மாதிரி பார்த்திருப்பேன் போலிருக்கிறது. நீ ஜன்னலைக் காட்டி, "கண்டக்டர் விசில் மாதிரின்னு வச்சுக்கங்க. விசில் கேட்டாத்தான் பஸ் நகரும்" என்றாய்.

பிறகு அந்த ஒரு விசிலைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினாய். இன்டர்லூகின் பதினைந்து. அது ரத்தத்தில் தானாக மிதந்து வந்து காதில் விழுவது குறைவு என்றும், பக்கத்தில் இருக்கும் வேறொரு செல் அதைத் தன் கையில் ஏந்திக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாய். அதைக் கேட்டால்தான் பிஞ்சு செல் என்.கே. செல்லாக முற்றும், முற்றிய பிறகும் அது காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றுபோனால் சில நாளில் செத்துவிடும் என்றாய். விசில் சரியாக இருந்தும் கேட்கிற காது பழுதாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நீ கடைசியாக வந்து சேர்ந்த இடம். அந்தக் காது சில துண்டுகளால் ஆனது, அதில் ஒரு துண்டு இன்னும் பல தகவல்களுக்கும் பொது, அந்த ஒன்று கெட்டால் டி செல்லும் வராது, என்.கே. செல்லும் வராது. அந்தத் துண்டுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. "பொம்பளைக்கு எக்ஸ் ரெண்டு இருக்கு, ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு பார்த்துக்கிரும். அவளுக்கு ஒன்னுமே தெரியாது. பையனுக்கு இருக்கிறது ஒன்னுதான். அவனுக்குக் கெட்டது போச்சுன்னா அம்புட்டுத்தான். அம்மை மாதிரி வைரஸ் வந்தா தாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு நீ பாரத்தைத் தள்ளி வைத்தாய். பேனாவை மூடினாய். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாய்: "தம்பிக்கு அப்ப நீங்க கவுண்ட் பார்த்தீங்களாப்பா?"

ஞாபகமில்லையே என்று சொன்னேன். அது பொய். தேதி, கிழமை, அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை உட்பட எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். லேப் ஆரம்பித்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. ஒற்றை அறை, ஒரு மைக்ராஸ்கோப், வாசலில் பச்சை எழுத்தில் போர்டு. சொந்தமாகத் தொழில் நடத்துகிற கர்வம் எனக்குத் தலைக்கேறி இருந்த காலம். உன் தம்பிக்கு அப்போது நாலு மாசம். வாயில் மாவு பூசியது போல வெள்ளை படிந்து போகவே மாட்டேனென்றது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பிறந்தவுடன் தோளில் போட்ட தடுப்பூசி இடம் ஆறாமல் புண்ணாகவே இருந்தது. இருமல் வேறு. உன் அம்மா அவனை மடியிலிருந்து இறக்குவதே இல்லை. தெருக்கோடி டாக்டர் மருந்து மாற்றி மாற்றி எழுதிக்கொடுத்தார். ஒரு நாள் காலை அவனை லேபுக்குத் தூக்கி வரச் சொல்லி, குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தேன். அவன் வீரிட்டு அழக்கூட இல்லை, சும்மா முனகினான். ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, காயவைத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு உட்கார்ந்தேன். நூறு வெள்ளை அணுக்களை ரகம் ரகமாகப் பிரித்து எண்ண வேண்டும். நூறில் லிம்ஃபோசைட், நீ சொன்ன டி செல்லும் என்.கே. செல்லும் அடங்கிய ரகம், இருபத்திரண்டு வந்தது. பாரத்தில் அதற்கு நேரே அச்சடித்திருந்த நார்மல் அளவு இருபதிலிருந்து நாற்பது. இருபத்திரண்டு அதற்குள் அடங்கிவிட்டது. நான் பேனாவை எடுத்து எழுதினேன்: நார்மல்.

நீ இந்த வரியைப் படிக்கும்போதே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். ஆமாம், பாப்பா. அந்த அளவு பெரியவர்களுக்கானது. கைக்குழந்தைக்கு லிம்ஃபோசைட்தான் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இருபத்திரண்டு என்பது அலறியிருக்க வேண்டிய எண். பிரஸ்ஸில் ஒரே மாதிரி அடித்துக் கொடுத்த பாரத்தைப் பார்த்துவிட்டு, மடியில் கிடந்த குழந்தையைப் பார்க்காமல், நான் நார்மல் என்று எழுதினேன். அது மட்டும் என்றால்கூட அறியாமல் செய்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். உன் அம்மா அப்போது சொன்னாள், "எனக்கு என்னமோ மனசே சரியில்லைங்க. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துருவோம். எங்க அம்மாவுக்கும் ரெண்டு பையன் இப்படித்தான் இருமி இருமியே போனானுங்க." நான் அந்த பாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "நானே உக்காந்து எண்ணிருக்கேன், உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றேன். அவள் அதற்குப் பிறகு மெட்ராஸ் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

மூன்று மாசம் கழித்துப் பங்குனியில் உனக்கு அம்மை போட்டது. நான்காம் வகுப்பில் உன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பாதிப்பேருக்கு வந்திருந்தது. முத்து தெரிவதற்கு முந்தின இரண்டு நாளும் நீ தம்பியைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தாய். பிறகு உன்னை உள்ளறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தோம். உனக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, இரண்டு வாரத்தில், அவனுக்குப் போட்டது. உனக்கு ஐம்பது அறுபது முத்துதான் இருந்திருக்கும். அவனுக்குத் தோலே தெரியவில்லை. அம்மை போட்ட பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிப் போகக் கூடாது, மருந்து ஆகாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், ரத்தம் எண்ணுகிறவனுக்கு அது எப்படி வாய்த்தது என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் அவன் மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கியது. அதன் பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். உன் அத்தை, என் அக்கா, வாடிப்பட்டியிலிருந்து வந்தவள், கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள்: "கொட்டாம்பட்டியில பொண்ணு எடுக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அந்த வீட்டு வழியில ஆம்பளப் புள்ள தங்காது." உன் அம்மா தலையைத் தூக்கவில்லை. நான் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவளை வெளியே போகச் சொல்லாத நாக்கு எனக்கு இருந்து என்ன பயன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதே நாள் மத்தியானம் நீ கிணற்றடியில் என்னிடம் வந்து, "என் அம்மைதான் தம்பிக்கு ஒட்டிருச்சா அப்பா?" என்று கேட்டாய். ஒன்பது வயது உனக்கு. தோலில் வடுக்கள் இன்னும் ஆறியிருக்கவில்லை. நான், "அம்மை யாராலயும் வாரதில்ல, அது ஆத்தா குடுக்கிறது" என்றேன். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறெதையோ சொன்னேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ ஒரு கைக்குழந்தையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. உன் சித்தி மகள் பிள்ளைத்தாய்ச்சியாகி, பெற்று, தொட்டிலில் போட்டபோது எல்லோரும் மாற்றி மாற்றிக் கொஞ்சினார்கள். நீ கைக்குச் சோப்பு போட்டுக்கொண்டு புழக்கடையிலேயே நின்றாய். கல்லூரியில் நீ எந்தப் பாடத்தை எடுத்தாய், அதில் எந்தப் பகுதிக்குள் போய் விழுந்தாய் என்பதைப் பார்த்தபோதெல்லாம் எனக்குக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது.

நான் செய்த தப்பு எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பாய். அவன் போன அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. யாரோ ஒரு குழந்தைக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டைப் புதிதாக வந்திருந்த குழந்தைகள் டாக்டர் திருப்பி அனுப்பி, போனில் பிடி பிடியென்று பிடித்தார். "பச்சைப் புள்ளைக்குப் பெரியாள் அளவ வச்சுப் பார்த்து நார்மல்னு எழுதிருக்கீங்களே, படிச்சுட்டுத்தான் லேப் வச்சீங்களா?" ரிசீவரை வைத்ததும் ஷட்டரை இறக்கிவிட்டேன். அந்தக் காலத்தில் எல்லா ஸ்லைடையும் ஆறு மாசம் வைத்திருந்து பிறகு கழுவி மறுபடி பயன்படுத்துவோம். உன் அம்மாதான் கழுவித் தருவாள். அவனுடையதை மட்டும் கழுவக் கொடுக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுதான் வந்தது. எண்ணியதில் தப்பில்லை, எண்ணியதை எதனோடு ஒப்பிட்டேன் என்பதில்தான் தப்பு. மறுநாள் பிரஸ்ஸுக்குப் போய் பாரத்தை மாற்றினேன். ஒரு வயசுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு கட்டம் போடச் சொன்னேன். சின்ன லேபில் இது எதுக்குண்ணே என்று கேட்டான் பிரஸ்காரன். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. கொட்டாம்பட்டி வழி என்ற பேச்சு ஒவ்வொரு விசேஷத்திலும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு நீ போன பிறகு மறுபடி அந்த ஸ்லைடை எடுத்தேன். சாயம் வெளுத்திருந்தது, ஆனாலும் தெரிந்தது. சின்ன வயசில் உன்னை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி நான் காட்டியிருக்கிறேன், சாதாரண லிம்ஃபோசைட்டைவிடக் கொஞ்சம் பெரிசாக, உள்ளே பொடிப்பொடியாகச் சிவந்த மணிகளோடு ஒன்று அபூர்வமாக வருமே. அதில் பெரும்பாலும் என்.கே. செல்தான் என்று நீதான் இப்போது சொன்னாய். அதைத் தேடினேன். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், நெசவுக்காரன் பாவு ஓட்டுவது போல ஸ்லைடு முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மத்தியானம் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அந்தச் சின்ன உடம்புக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், கேட்க ஆளில்லை. என் பிள்ளை காவல் இல்லாமல் ஏழு மாசம் இருந்திருக்கிறான். உன் அம்மை வராவிட்டால் வேறெதாவது வந்திருக்கும். தெருவில் போகிறவன் தும்மல் போதும். நீ ஒட்டவைத்தது மற்ற பிள்ளைகள் ஒரு வாரம் லீவு போட்டு ஆறிவிடுகிற காய்ச்சல். அதை எமனாக்கியது அந்த ஒரு துண்டு. அந்தத் துண்டு இல்லை என்று என் கண்ணுக்கு நேரே எழுதிக் காட்டியிருந்ததை நார்மல் என்று படித்தவன் நான். உன் கணக்கில் நீ எழுதி வைத்திருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்.

அந்தக் காலத்தில் கண்டுபிடித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதப்பா என்று நீ எழுதுவாய். மெட்ராஸிலேயே அப்போது மஜ்ஜை மாற்றுவதற்கு எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்பாய். உண்மையாகவே இருக்கலாம். தயவுசெய்து எனக்கு அதைச் சொல்லாதே.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு அந்தப் பழுது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும், மாப்பிள்ளையிடமும் நீ எல்லாம் சொல்லிவிட்டாய், முதலில் அம்மா ரத்தத்தில் பார்க்க வேண்டும், ஆனால் அம்மாவிடம் எதற்கென்று இப்போதைக்குச் சொல்லாதீங்க என்றாய். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது. பழுது அம்மாவிடமிருந்துதான் வந்ததென்று ரிப்போர்ட் வந்தால், அத்தை கூடத்தில் நின்று சொன்னதற்கு அச்சடித்த சாட்சி கிடைத்தது போல ஆகிவிடும். அந்தப் பயத்தில் நானும் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, லேபில் கூட்டம் வருவதற்கு முன்னால் அவளை வரச் சொன்னேன். கையை மேசையில் நீட்டினாள். ரப்பர் பட்டையைக் கட்டி, "சும்மா சுகர் பார்த்து வைப்போம்" என்றேன். அவள் என் கையில் இருந்த டியூப்பைப் பார்த்தாள். "சுகருக்குச் சாம்பக் கலர் மூடில்ல? இம்புட்டு வருஷமா நான்தானே கழுவுறேன். ஊதா மூடி எதுக்குங்க?" என்றாள். என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை, பாப்பா. பட்டையை அவிழ்த்தேன். இழுப்பறையிலிருந்து உன் ஜாமெட்ரி பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்து, முதலில் என் எண்ணிக்கையைச் சொன்னேன். பிறகு பாரத்தை மாற்றிய கதை. அதற்கும் பிறகுதான் நீ சொன்ன காது, அந்த ஒரு துண்டு, அது எந்த வழியாக வரும் என்பது. அந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஸ்லைடைக் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. "அன்னைக்கு மெட்ராஸ் போயிருந்தா பொழச்சிருப்பானா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னு அன்னைக்குச் சொல்லிருந்தீங்கன்னா போயிருப்போம்ல" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. நீ ஒரு வீட்டுக்குப் போகப்போகிறாய். அங்கே நீ ஒன்றை மட்டும் செய்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு, அன்றைக்கே சொல்லிவிடு. ரிப்போர்ட்டில் உனக்கும் அந்தப் பழுது இருப்பதாக வந்தாலும், பிறந்தவுடனே கண்டுபிடித்தால் இப்போது காப்பாற்ற முடியும் என்று நீதான் சொன்னாய். எண்ணிப் பார்க்கத் தெரிந்த அம்மா கிடைத்த பிள்ளைக்கு என் பிள்ளைக்கு வந்தது வராது.

அவள் அப்புறம் கேட்டது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப பாப்பாவோட அம்மையினால இல்ல?"

"அம்மை எல்லா வீட்டுலயும்தான் வருது. இவனுக்குத் தாங்குறதுக்கு உள்ள ஆளில்ல" என்றேன்.

"ஆளில்லாமப் போனது என் வழியா வந்தது."

"இருக்கலாம். உன் ரத்தத்துல அந்த ஜீனைப் பார்த்தாத்தான் தெரியும்."

இந்த நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், சாவியை எடுத்துத் தருகிறாள், இந்தப் பார்சலைக்கூட அவள்தான் கயிறு போட்டுக் கட்டினாள். என்றைக்குப் பேசுவாள் என்று தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை, அவள் ரப்பர் பட்டையைத் தானே எடுத்து என் பக்கம் தள்ளினாள். கையை மறுபடி மேசையில் நீட்டினாள். முதல் குத்து தவறிவிட்டது, இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஆனதில்லை. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"பதறாம எடுங்க" என்றாள். "எங்கிட்டருந்து வந்ததாவே இருக்கட்டும். பதினஞ்சு வருஷமா பாப்பா ஒரு புள்ளையத் தொட்டதில்ல, எனக்கென்ன தெரியாதா? எழுதிப் போடுங்க. அவ புள்ளையத் தூக்கட்டும்."

அப்பா